கேள்வி பதில்: ஸ்னீக்கர் பாட் மென்பொருளும் ப்ராக்ஸியும், இரவல் முகவரி யாருடையது?

குறைந்த எண்ணிக்கையில் வெளியாகும் ஸ்னீக்கர் காலணிகளைத் தானாகவே வாங்கித் தரும் பாட் மென்பொருள்களைப் பற்றியும், அவற்றுடன் பயன்படும் ப்ராக்ஸிகளைப் பற்றியும் வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அதனால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: புதிதாக ஒரு பாட் வாங்கியிருக்கிறேன். ப்ராக்ஸி இல்லாமல் அதை இயக்க வேண்டாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. வீட்டு இணைய இணைப்பு போதாதா? எத்தனை ப்ராக்ஸி வாங்க வேண்டும்?

பதில்: ஒரு கணக்கிலிருந்து ஒரு ஜோடியை மட்டும் வாங்க முயல்பவருக்கு வீட்டு இணைப்பே போதும். அதைவிட நம்பகமான முகவரி அவருக்கு வேறெங்கும் கிடைக்காது. பாட் ஒரே நேரத்தில் பல டாஸ்க்குகளை, அதாவது தனித்தனி வாங்கும் முயற்சிகளை, ஓட்டும்போதுதான் ப்ராக்ஸியின் தேவை எழுகிறது. விற்பனை தொடங்கும் நொடியில் எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்பதைத்தான் கடையின் சர்வர் முதலில் கவனிக்கும். கையால் தட்டிப் பார்க்கும் ஒருவர் ஒரு நிமிடத்தில் சில பக்கங்களைத்தான் திறக்க முடியும் என்பதால், ஒரே முகவரியிலிருந்து 50 டாஸ்க்குகள் சில நொடிகளுக்கு ஒருமுறை பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், கேட்பது மென்பொருள் என்று கண்டுகொள்ளப் பெரிய நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. அந்த முகவரி உடனே தடைக்குள்ளாகும். ப்ராக்ஸி என்பது உங்கள் கணினிக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் இன்னொரு சர்வர். உங்கள் கோரிக்கையை வாங்கித் தன் முகவரியிலிருந்து கடைக்கு அனுப்பி, வரும் பதிலை உங்களிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. டாஸ்க்குகளை வெவ்வேறு ப்ராக்ஸிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், கடையின் கண்ணுக்கு அவை வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவையாகத் தெரியும்.

ஒரு டாஸ்க்குக்கு ஒரு ப்ராக்ஸி என்பதே இத்துறையில் பெரும்பாலானோர் கடைப்பிடிக்கும் கணக்கு. ஆயினும் எண்ணிக்கையை உயர்த்துவதற்கு முன் இன்னொன்றை யோசிக்க வேண்டும். நூறு ப்ராக்ஸிகள் வைத்திருந்தாலும், நூறு டாஸ்க்குகளிலும் ஒரே பெயர், ஒரே வீட்டு முகவரி, ஒரே கார்டு இருந்தால், பணம் செலுத்தும் கட்டத்தில் நீங்கள் ஒரே வாடிக்கையாளர்தான். ஒருவருக்கு ஒரு ஜோடி என்று வரம்பு வைத்திருக்கும் கடை, மிகுதி ஆர்டர்களை விற்பனை முடிந்தபின் ரத்து செய்துவிடும். ஆகவே தொடங்குபவர் சில டாஸ்க்குகளையும் அதே எண்ணிக்கையில் நல்ல ப்ராக்ஸிகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக் கற்பதே சிறந்தது.

கேள்வி: டேட்டாசென்டர், ரெசிடென்ஷியல், ஐஎஸ்பி, மொபைல் என்று நான்கு வகைகளைச் சொல்கிறார்கள். விலையைத் தவிர இவற்றில் என்ன வேறுபாடு?

பதில்: அந்த ஐபி முகவரி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு. இணையத்தில் உள்ள ஒவ்வொரு முகவரித் தொகுதியும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். டேட்டாசென்டர் ப்ராக்ஸிகள் சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனங்களின் முகவரிகளில் இயங்குகின்றன. வேகமும் மலிவும் அவற்றின் பலம். ஆனால் அமேசான், கூகுள் போன்ற கிளவுட் நிறுவனங்கள் தங்கள் முகவரித் தொகுதிகளின் பட்டியலைத் தாமே பொதுவெளியில் வைத்திருப்பதால், ஒரு கடை அவற்றை மொத்தமாகத் தடுப்பது எளிது. சர்வர் அறையில் உட்கார்ந்து யாரும் காலணி வாங்குவதில்லை என்பது கடைக்கும் தெரியும். மேலும் இவை பெரும்பாலும் 256 முகவரிகள் கொண்ட தொகுதிகளாக விற்கப்படுவதால், அதே தொகுதியில் இருக்கும் வேறொருவர் செய்யும் தொல்லைக்கு உங்கள் முகவரியும் சேர்ந்து தடைபடும்.

ரெசிடென்ஷியல் என்பவை உண்மையான வீடுகளின் இணைய இணைப்புகள். கடைக்கு இவற்றையும் சாதாரண வாடிக்கையாளரையும் முகவரியை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம் என்பதால் எளிதில் தடைபடுவதில்லை. ஆனால் வேகம் சீராக இருக்காது, இடையில் இணைப்பு அறுந்துபோகவும் கூடும். ஐஎஸ்பி ப்ராக்ஸி இவ்விரண்டுக்கும் நடுவில் வருகிறது: இணையச் சேவை நிறுவனத்தின் பெயரில் பதிவான முகவரி, ஆனால் இயங்குவதோ சர்வர் அறையில். மாறாத முகவரி, நல்ல வேகம், ஓரளவு நம்பகத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைப்பதால், முந்தி வருபவருக்கே கிடைக்கும் விற்பனைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். மொபைல் ப்ராக்ஸியில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான கைபேசிகள் இருக்கும். அதைத் தடுத்தால் அத்தனை வாடிக்கையாளர்களும் பாதிக்கப்படுவார்கள் என்பதால் கடைகள் தயங்குகின்றன. ஆயினும் அதன் விலைக்கும் தாமதத்துக்கும் ஈடான பயன் பெரும்பாலானோருக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: இரண்டு விற்பனையாளர்களிடம் வாங்கினேன். ஒரு பட்டியலைச் சோதித்தால் எல்லாமே 407 என்று வருகிறது, மற்றொன்று முழுவதும் 403. இருவருமே ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இந்த இரண்டு எண்களையும் சொல்பவர்கள் வெவ்வேறு தரப்பினர் என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 407 என்பது ப்ராக்ஸி சர்வரே சொல்லும் பதில்: நீங்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை, உங்களை அனுமதிக்க மாட்டேன் என்பது அதன் பொருள். உங்கள் கோரிக்கை கடையின் வாசலையே எட்டவில்லை. இதில் விற்பவரின் பிழையைவிட அமைப்பின் பிழையே அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலான பாட்கள் ஐபி, போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்டு என்ற நான்கையும் இந்த வரிசையில், இடையில் முக்காற்புள்ளி இட்டு, ஒரு வரிக்கு ஒன்றாக எதிர்பார்க்கின்றன. சில விற்பனையாளர்கள் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் முன்னால் வைத்து அனுப்புகிறார்கள், அப்படியே ஒட்டினால் பாட் எதை எதுவென்று எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல முடியாது. வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும் ஓர் இடைவெளி பாஸ்வேர்டையே மாற்றிவிடும்.

யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டும் சரியாக இருந்தும் 407 வந்தால், உங்கள் திட்டம் வேறு முறையில் அனுமதி தருகிறதா என்று பாருங்கள். சில விற்பனையாளர்கள் பாஸ்வேர்டுக்குப் பதிலாக, இந்த முகவரியிலிருந்து வருபவரை மட்டும் அனுமதி என்று உங்கள் சொந்த ஐபியைப் பதிவு செய்துகொள்கிறார்கள். வீட்டு இணைப்பின் முகவரி பல இடங்களில் நிலையானதாக இருப்பதில்லை. மோடத்தை அணைத்துப் போட்டதும் அது மாறிவிட்டால், நேற்று வேலை செய்த பட்டியல் முழுவதும் இன்று சிவப்பாகிவிடும். வாடகை சர்வரில் பாட்டை இயக்குபவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: பதிவு செய்தது வீட்டின் முகவரியை, பாட் ஓடுவதோ சர்வரின் முகவரியிலிருந்து. விற்பனையாளரின் தளத்தில் நுழைந்து சரியான முகவரியைச் சேர்த்தால் பிரச்சினை தீரும்.

403 என்பதைச் சொல்வது கடை, அல்லது கடையின் முன் காவலுக்கு நிற்கும் பாதுகாப்புச் சேவை. ப்ராக்ஸி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, அந்த முகவரியைத்தான் கடை ஏற்கவில்லை. உங்களுக்கு முன் அதே முகவரிகளைப் பயன்படுத்தியவர்கள் அவற்றைக் கெடுத்திருக்கலாம். இதற்குப் பதிலாக, அளவு மீறிக் கேட்கிறீர்கள் என்று பொருள்படும் 429 வந்தால், முகவரியை மாற்றுவதற்கு முன் டாஸ்க் பக்கத்தைக் கேட்கும் இடைவெளியை நீட்டிப் பாருங்கள். ஆகவே, சோதிக்கும்போது ஏதோ ஒரு பொதுத் தளத்தைத் திறந்து பச்சை வந்துவிட்டதென்று நிறைவடைய வேண்டாம். எந்தக் கடையில் வாங்கப்போகிறீர்களோ அதன் முகப்புப் பக்கத்தை ஒரு முறை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு முறைக்கு மேல் தட்டினால், சோதனையே முகவரியைக் கெடுக்கத் தொடங்கிவிடும். பட்டியல் முழுவதும் 403 என்றால் மாற்றித் தருமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, நல்ல விற்பனையாளர்கள் மறுப்பதில்லை.

கேள்வி: ரெசிடென்ஷியல் டேட்டா விற்பனை தொடங்கும் முன்பே தீர்ந்துவிட்டது. ஒரு ஆர்டர்கூடப் போகவில்லை. எங்கே போனது அத்தனை ஜிபியும்?

பதில்: காத்திருந்ததில் போயிருக்கும். ரெசிடென்ஷியல் ப்ராக்ஸிகள் பொதுவாக முகவரிக் கணக்கில் விற்கப்படுவதில்லை, கடந்து செல்லும் டேட்டாவின் அளவுக்குத்தான் கட்டணம். பக்கம் ஒன்று 100 கேபி என்று வைத்துக்கொண்டால், 3 நொடிக்கு ஒருமுறை அதைக் கேட்கும் ஒரு டாஸ்க் ஒரு மணி நேரத்தில் 1,200 முறை கேட்டு 120 எம்பியைச் செலவிடும். 50 டாஸ்க்குகள் என்றால் மணிக்கு 6 ஜிபி. சரக்கு வந்துவிட்டதா என்று பார்க்கும் வேலையை, டேட்டாவுக்குக் கணக்கில்லாத ஐஎஸ்பி அல்லது டேட்டாசென்டர் ப்ராக்ஸிகள் சிலவற்றிடம் விட்டுவிட்டு, கூடையில் சேர்ப்பது முதல் பணம் செலுத்துவது வரையிலான வேலைக்கு மட்டும் ரெசிடென்ஷியலை ஒதுக்குங்கள். பெரும்பாலான பாட்களில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குழுக்களை அமைக்கலாம்.

ரெசிடென்ஷியலில் இன்னொரு அமைப்பையும் கவனியுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முகவரி மாறும் சுழல் முறை ஒன்று, குறிப்பிட்ட நிமிடங்கள் வரை ஒரே முகவரியைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்டிக்கி முறை மற்றொன்று. கூடையில் காலணியைச் சேர்த்தவர் ஓர் ஊரிலும் பணம் செலுத்துபவர் வேறோர் ஊரிலும் இருப்பதாகக் கடைக்குத் தெரிந்தால் அந்த ஆர்டர் ஐயத்துக்கு உள்ளாகும். ஆகவே வாங்கும் டாஸ்க்குக்கு ஸ்டிக்கிதான் வேண்டும், அதன் கால அளவும் வரிசையில் காத்திருக்கும் நேரத்தைவிட நீண்டதாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் கணினியிலிருந்து கடையின் தளத்துக்குப் பிங் (கோரிக்கை போய்ப் பதில் திரும்பும் நேரம்) 8 மில்லி நொடிதான். ப்ராக்ஸி வழியாகச் சென்றால் 200க்கு மேல் காட்டுகிறது. அப்படியானால் ப்ராக்ஸி என்னைப் பின்னுக்குத் தள்ளுகிறதா?

பதில்: அந்த 8 மில்லி நொடியில் உங்களுக்குப் பதில் சொன்னது கடையின் சர்வராக இருக்க வாய்ப்பில்லை. பெரிய கடைகள் அகமாய், கிளவுட்ஃப்ளேர் போன்ற வலைப்பின்னல்களுக்குப் பின்னால் இயங்குகின்றன. அவற்றின் கிளைச் சர்வர் உங்களுக்கு அருகிலேயே இருக்கும், பிங்குக்குப் பதில் சொல்வது அதுதான். சரக்கு இருப்பையும் ஆர்டரையும் கையாளும் சர்வர் ஒரு கண்டத்துக்கு அப்பால் இருக்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர 100 மில்லி நொடி ஆகும், அதை எந்த ப்ராக்ஸியாலும் குறைக்க முடியாது. ஒரு பாதுகாப்பான இணைப்பு ஏற்படுவதற்கே இத்தகைய போக்குவரத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படுவதால், தாமதம் பெருகிக்கொண்டே போகும்.

எனவே பார்க்க வேண்டியது முழு வழியின் நீளத்தை. கடையின் முதன்மைச் சர்வர் இருக்கும் நாட்டிலேயே ப்ராக்ஸியும் இருந்தால் நல்லது, பாட்டையும் அங்கேயே ஒரு வாடகை சர்வரில் இயக்கினால் இன்னும் நல்லது. ஆனால் நைக்கியின் எஸ்என்கேஆர்எஸ் செயலியைப் போல, சில நிமிடங்களுக்குப் பெயர்களைச் சேகரித்துக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் விற்பனைகளில் மில்லி நொடிகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. வேகத்துக்காகச் செலவிடும் முன், நீங்கள் குறிவைக்கும் விற்பனை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஆயிரக்கணக்கான இலவச ப்ராக்ஸிகள் கிடைக்கின்றன. மிகக் குறைந்த விலைக்கு ரெசிடென்ஷியல் தருபவர்களும் இருக்கிறார்கள். இவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வந்த கடிதங்கள் அனைத்திலும் எனக்குக் கவலை தந்தது இந்தக் கேள்விதான்.

இலவசப் பட்டியல்களில் இருப்பவற்றில் பல, கவனக்குறைவால் திறந்து விடப்பட்ட சர்வர்கள் அல்லது வலைவிரிப்பதற்கென்றே திறந்து வைக்கப்பட்டவை. பாட்டின் வழியாக உங்கள் பெயர், வீட்டு முகவரி, கார்டு எண் எல்லாம் போகின்றன. எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பில் நடுவில் இருப்பவரால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க முடியும், உள்ளே செல்லும் விவரங்களைப் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் காப்பு, எதிரில் இருப்பது உண்மையான தளம்தானா என்று பார்க்கும் சான்றிதழ் சரிபார்ப்பு ஒழுங்காக நடக்கும்வரைதான். வேகத்துக்காகவோ வசதிக்காகவோ சரிபார்ப்பை அணைத்து வைக்கச் சொல்லும் பாட்டையும், தன் சான்றிதழை உங்கள் கணினியில் நிறுவச் சொல்லும் ப்ராக்ஸி விற்பனையாளரையும் அந்த நிமிடமே விட்டு விலகுங்கள். அப்படி நிறுவிவிட்டால், நடுவில் இருப்பவர் உங்கள் கார்டு எண்ணைத் தாராளமாகப் படிக்கலாம்.

மலிவான ரெசிடென்ஷியலில் உள்ள தீங்கு வேறு வகையானது, அது பெரும்பாலும் முன்பின் தெரியாத இன்னொருவரைத் தாக்குகிறது. பல லட்சம் வீடுகளின் இணைப்புகளை ஒரு நிறுவனம் விற்கிறதென்றால், அந்த வீட்டுக்காரர்கள் எப்போது, எதற்குச் சம்மதித்தார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஹோலா என்ற இலவச விபிஎன் சேவை, தன் பயனர்களின் இணைப்புகளை லுமினாட்டி என்ற பெயரில் வணிக நிறுவனங்களுக்கு விற்றுவந்தது 2015இல் பரவலாகத் தெரியவந்தபோது, பலர் அதை முதன்முறையாக அறிந்து திகைத்தார்கள். அதைவிடக் கொடியது 911 எஸ்5 என்ற வலைப்பின்னல். இலவச விபிஎன் மென்பொருள்களுக்குள் ஒளித்து வைத்த நிரல் மூலம், ஏறத்தாழ 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகளை அது தன்வசப்படுத்தி வாடகைக்கு விட்டது. அவற்றின் வழியாக நிதி மோசடிகளும் வேறு குற்றங்களும் நடந்தன. 2024 மே மாதத்தில் பன்னாட்டு நடவடிக்கையில் அது முடக்கப்பட்டு, அதை நடத்தியவர் கைது செய்யப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அத்தகைய முகவரியில் ஒன்றைக் காலணி வாங்குவதற்காக வாடகைக்கு எடுப்பவர், அறியாமலே ஒரு திருட்டுப் பொருளை வாங்குகிறார். அந்த வீட்டில் இருப்பவரோ, தாம் செய்யாத ஒன்றுக்காகத் தளங்களில் தடைபடுகிறார், சில வேளை விசாரணைக்கும் ஆளாகிறார்.

ஆகவே விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: இந்த முகவரிகள் எப்படித் திரட்டப்பட்டன, இணைப்பின் உரிமையாளருக்குத் தெளிவான அறிவிப்பும் ஈடும் கிடைக்கிறதா, வேண்டாமென்றால் அவர் விலக முடியுமா? எழுத்தில் பதில் தர மறுப்பவரும், பணம் செலுத்தக் கிரிப்டோ மட்டுமே ஏற்பவரும், நிறுவனத்தின் பெயரையே வெளியிடாதவரும் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் ஒதுக்கத் தக்கவர்கள். நம்பகமான பதில் கிடைக்காத நிலையில் ஐஎஸ்பி ப்ராக்ஸியோடு நின்றுவிடுவதே நேர்மையான வழி. அதன் முகவரிகள் சர்வர் அறையில் இயங்குவதால், அங்கே எந்த வீட்டாரின் இணைப்பும் இரவல் போவதில்லை.

கேள்வி: ப்ராக்ஸிகள் புதியவை, ஆர்டரும் உறுதியானது. மறுநாள் ரத்து என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. பாட் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமா?

பதில்: கடை உங்களை அடையாளம் காண்பது ஐபி முகவரியால் மட்டும் என்று நினைப்பதால் வரும் ஏமாற்றம் இது. உங்கள் மென்பொருள் பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும்போது அனுப்பும் விவரங்களின் வரிசையே ஒரு கைரேகையைப் போல அமைகிறது. குரோம் என்று சொல்லிக்கொண்டு குரோமைப் போலப் பேசாத மென்பொருளை அதை வைத்தே இனங்கண்டுவிடலாம். சுட்டியின் அசைவு, படிவத்தை நிரப்பிய வேகம், ஒரே வீட்டு முகவரியைச் சிறிய எழுத்து மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் கொடுத்திருப்பது என இன்னும் பலவற்றை விற்பனைக்குப் பின் நிதானமாக அலசுகிறார்கள். இவற்றில் எதையும் ப்ராக்ஸி மறைப்பதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 2016இல் வந்த பாட்ஸ் சட்டம் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மட்டுமே உரியது. அதைக் காலணி போன்ற பொருள்களுக்கும் விரிவாக்கும் மசோதா 2021இல் மீண்டும் அறிமுகமானபோதும் நிறைவேறவில்லை. ஆனால் சட்டம் தடுக்காதது எல்லாவற்றையும் கடை ஏற்க வேண்டும் என்பதில்லை. நைக்கி 2022 அக்டோபரில் தன் விற்பனை விதிகளை மாற்றி, தானியங்கி மென்பொருளால் வந்த ஆர்டர்களை ரத்து செய்யவும், கணக்குகளை முடக்கவும், திரும்பி வரும் சரக்குக்குக் கட்டணம் வசூலிக்கவும் தனக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்தது. வாங்குவதற்கு முன் அந்தக் கடையின் விதிகளைப் படியுங்கள். பாட் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கும் இடத்தில், காலணியை அணியும் ஆசையோடு கையால் தட்டிக் காத்திருப்பவர்களின் வாய்ப்பைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அங்கே உங்கள் சொந்தக் கணக்கில், சொந்த இணைப்பில், ஒரு ஜோடிக்கு முயலுமாறுதான் சொல்வேன்.

கேள்வி: விற்பனை முடிந்த பிறகு ப்ராக்ஸிகளை என்ன செய்வது?

பதில்: தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை அன்றே நிறுத்துங்கள், மறந்துவிடும் மாதச் சந்தாவில்தான் பலருடைய பணம் வீணாகிறது. அனுமதிப் பட்டியலில் சேர்த்த வாடகை சர்வரின் முகவரியை நீக்குங்கள். அந்தச் சர்வரைத் திருப்பித் தந்த பின் அதே முகவரி வேறொருவர் கைக்குப் போகும், அவர் உங்கள் ப்ராக்ஸியை உங்கள் கணக்கிலேயே பயன்படுத்த முடியும். ப்ராக்ஸி பட்டியல் அடங்கிய கோப்பில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் திறந்தே இருப்பதால் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பாட்டில் சேமித்த கார்டு விவரங்களை அழித்துவிட்டு, அடுத்த விற்பனைக்கு மறுபடியும் உள்ளிடுங்கள்.